பெயர் ஒன்று, ருசி வேறு!

பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு என்று ஓர் ஊர். பெயரிலேயே தோணி இருக்கிறது. மீன், இறால், நண்டு. இவைதான் அந்த வட்டாரத்தின் பிழைப்பு.

அங்கே ஒரு பெட்டிக்கடை வாசலில் அண்ணனும் தம்பியும் வழக்காடிக் கொண்டிருந்தார்கள். அண்ணனுக்குப் பத்து வயது இருக்கும். தம்பிக்கு ஏழு.

அண்ணன் கையில் ஒரு சாக்லெட். துபாயில் வேலை பார்க்கும் மாமா கொண்டுவந்தது. தம்பி கையிலும் ஒரு சாக்லெட். அது கடையில் வாங்கியது. இரண்டு உறையிலும் ஒரே பெயர். ஒரே வண்ணம். இரண்டின் உள்ளேயும் கேரமல் என்னும் இனிப்புப் பாகு.

இரண்டு பேரும் பாதி பாதி மாற்றிக்கொண்டு கடித்தார்கள்.

"டேய், இது அது இல்லடா!" என்றான் அண்ணன்.

"பேரு ஒண்ணுதானே போட்டிருக்கு? அப்புறம் எப்படி வேற ஆவும்?" என்றான் தம்பி.

திண்ணையில் உட்கார்ந்து பனை ஓலை முடைந்துகொண்டிருந்த ஆயாவிடம் வழக்கு போயிற்று. ஆயா இரண்டு உறைகளையும் வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பினார். வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அறிவொளி இயக்கத்தில் சேர்ந்து, நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவர் அவர். பத்திரிகையை எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க படிச்சவரு. இதுல இன்னா எழுதியிருக்குது, சொல்லுங்க. நம்ம எழுத்து ஒண்ணுகூட இல்லியே!"

பேரன் கேட்டது ஒரு கேள்வி. ஆயா கேட்டது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் பதில் சொல்லவே இந்தக் கட்டுரை.

பாகுதான் கேரமல்

முதலில், கேரமல் என்றால் என்ன?

பயந்துவிட வேண்டாம். சர்க்கரையைக் காய்ச்சிப் பொன்னிறமாக்கினால் அதுதான் கேரமல். அதில் பாலும் வெண்ணெயும் சேர்த்துக் கிண்டினால் மெதுவாக, இழுத்தால் நீளும்படியாக வரும். அதைச் சாக்லெட்டுக்குள் வைத்து மூடுகிறார்கள்.

பாகு காய்ச்சுவது நம் பெண்களுக்குப் புதிதா? கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று கைவிரலாலேயே அளந்துவிடுவார்கள். வெல்லப் பாகில் தேங்காயைப் போட்டு உருட்டினால் கமர்கட்டு. கடலையைப் போட்டால் கடலை மிட்டாய். கமர்கட்டைக் கடித்து இழுத்த தமிழனுக்குக் கேரமல் அந்நியம் அல்ல. சீமையிலிருந்து வந்த கமர்கட்டு என்றே சொல்லலாம்!

கமர்கட்டும் ஊருக்கு ஊர் வேறுதான். வெல்லம் மாறினால் ருசி மாறும். ஆனால் கமர்கட்டு செய்பவரை நமக்குத் தெரியும். என்ன போட்டீர்கள் என்று கேட்டால் சொல்லிவிடுவார்.

உறையில் வரும் சாக்லெட்டை யாரிடம் கேட்பது?

அப்பன் மிட்டாயும் மகன் மிட்டாயும்

ஒரே மிட்டாய் நாட்டுக்கு நாடு எப்படி மாறுகிறது என்பதற்கு ஒரு குடும்பக் கதை உண்டு.

அமெரிக்காவில் ஃபிராங்க் மார்ஸ் என்று ஒருவர். சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் கண்டவர். ஓடியாட முடியாத பிள்ளைக்கு, தாயார் வீட்டிலேயே மிட்டாய் செய்யக் கற்றுக்கொடுத்தார். அதுவே அவருக்குத் தொழிலாயிற்று. 1923ல் அவர் "மில்கி வே" என்ற மிட்டாயைக் கொண்டுவந்தார். நடுவில் நுரை போன்ற இனிப்பு, அதன் மேல் கேரமல், அதற்கும் மேலே சாக்லெட். விற்பனை பிய்த்துக்கொண்டு போயிற்று.

அவருடைய மகன் ஃபாரஸ்ட் மார்ஸ். அப்பனுக்கும் மகனுக்கும் ஒத்துவரவில்லை. மகன் கோபித்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனார். 1932ல் ஸ்லௌ என்ற ஊரில் சிறிய இடத்தை வாடகைக்குப் பிடித்தார். அப்பாவின் மிட்டாயையே செய்தார். ஆனால் ஆங்கிலேயரின் நாக்குக்கு ஏற்ப இனிப்பைக் கூட்டினார். "மார்ஸ்" என்று குடும்பப் பெயரையே வைத்தார்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். 1935ல் இங்கிலாந்திலும் "மில்கி வே" என்று ஒரு மிட்டாய் வந்தது. அதில் கேரமல் கிடையாது! வெறும் நுரை இனிப்புதான். அமெரிக்காவில் அதைப் போன்ற மிட்டாய்க்கு "மூன்று மஸ்கட்டியர்கள்" என்று பெயர். அமெரிக்காவில் "மார்ஸ்" என்ற பெயரில் பல ஆண்டுகள் விற்றதோ பாதாம் பருப்பு வைத்த வேறு மிட்டாய்.

லண்டன் சித்தப்பாவும் அமெரிக்கா மாமாவும் ஒரே நாளில் ஊருக்கு வந்து, இருவரும் "மில்கி வே" கொடுத்தால் என்ன ஆகும்? ஒன்றில் கேரமல் இருக்கும். மற்றதில் இருக்காது. பிள்ளைகள் சண்டை போடத்தானே செய்வார்கள்?

"ரோலோ" என்று இன்னொரு மிட்டாய். கேரமலைச் சாக்லெட் கிண்ணத்தில் ஊற்றியதுபோல் இருக்கும். 1937ல் இங்கிலாந்தில் பிறந்தது. இப்போது பல நாடுகளில் அதை விற்பது நெஸ்லே கம்பெனி. அமெரிக்காவில் மட்டும் ஹெர்ஷி கம்பெனி. பெயர் ஒன்று. சமையல்காரர் இருவர்!

காட்பரி சாக்லெட்டும் அப்படித்தான். அமெரிக்காவில் அந்தப் பெயரில் சாக்லெட் செய்யும் உரிமை 1988 முதல் ஹெர்ஷியிடம் இருக்கிறது. இங்கிலாந்து காட்பரியின் உறையில் முதல் பொருளாகப் பால் இருக்கும். அமெரிக்கக் காட்பரியின் உறையில் முதலில் சர்க்கரை வரும். அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர்கள் தங்கள் ஊர்ச் சரக்கையே இறக்குமதி செய்து தின்று வந்தார்கள். அதை எதிர்த்து ஹெர்ஷி நீதிமன்றம் போயிற்று. 2015ல் இறக்குமதியாளர்கள் அதை நிறுத்த ஒப்புக்கொண்டார்கள். ஒரு மிட்டாய்க்காக ஜனங்கள் கொதித்துப் போனார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஹெர்ஷி சாக்லெட்டில் ஒரு மெல்லிய புளிப்பு தட்டும். ஐரோப்பியர் முகம் சுளிப்பார்கள். அமெரிக்கருக்கோ அதுதான் ருசி. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பழைய சோற்றின் புளிப்பு நமக்கு அமுதம். பழகாதவருக்கு அது கெட்டுப்போன சோறு!

வெயில் செய்யும் மாறுதல்

நாக்கு மட்டுமல்ல, வெயிலும் மிட்டாயை மாற்றுகிறது.

சாக்லெட்டில் உள்ள கொக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரி சூட்டில் உருகிவிடும். நம் உடம்பின் சூடு 37 டிகிரி. அதனால்தான் வாயில் போட்டதும் கரைகிறது. லண்டனில் அது சுகம். தோணிரேவில் சித்திரை, வைகாசி வெயிலில் அது வாய்க்குப் போகும் முன்பே கையில் கரைந்துவிடும்!

பெட்டிக்கடைக்காரர் என்ன செய்வார்? எல்லாக் கடையிலும் குளிர்ப்பெட்டி இருக்காது. ஐஸ் வருவது இறாலுக்கும் மீனுக்கும். சாக்லெட்டுக்கு அல்ல.

இதற்கு ஓர் உபாயம் உண்டு. கண்ணாடிப் பாட்டிலில் சில்லறையாக விற்கும் எக்ளேர் மிட்டாயைக் கவனியுங்கள். சீமை மிட்டாயில் சாக்லெட் வெளியே, கேரமல் உள்ளே. இதில் கேரமல் வெளியே, சாக்லெட் உள்ளே! தலைகீழ். கெட்டியான கேரமல் வெயிலில் எளிதில் உருகாது. உள்ளே இருக்கும் சாக்லெட்டை அது காவல் காக்கிறது. உருகினாலும் உள்ளேயே கிடக்கும். இந்த வகை மிட்டாய் பிறந்தது சீமையில்தான். ஆனால் அது வேரூன்றியது நம்மைப் போன்ற வெயில் நாடுகளில். கடைக்காரர் மீதிச் சில்லறைக்குப் பதிலாக நம் கையில் வைப்பதும் இதைத்தானே!

சாக்லெட் பட்டையாகவே வேண்டும் என்பவர்களுக்கு, 1969 முதல் நம் நாட்டில் "ஃபைவ் ஸ்டார்" இருக்கிறது. கேரமலும் நுரை இனிப்பும் சேர்ந்தது. மார்ஸ் மிட்டாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம்.

முட்டையும் பச்சைப் புள்ளியும்

மூன்றாவது காரணம், சாப்பாட்டு வழக்கம்.

மேல்நாட்டில் அந்த நுரை இனிப்பை முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து அடிப்பது வழக்கம். இந்தியாவில் முட்டை தொடாத குடும்பங்கள் ஏராளம். ஆகவே "ஸ்னிக்கர்ஸ்" போன்ற மிட்டாய்களை இங்கே முட்டையில்லாமல் செய்து, பச்சைப் புள்ளி வைத்து விற்கிறார்கள்.

இங்கிலாந்திலும் இப்படி ஒரு கலகம் நடந்தது. 2007 மே மாதம், மார்ஸ் மிட்டாயில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ஒரு சத்து கலந்த பொருளைச் சேர்க்கப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. சைவர்கள் கொதித்தெழுந்தார்கள். சில நாட்களிலேயே கம்பெனி மன்னிப்புக் கேட்டு, பழைய முறைக்கே திரும்பியது.

இதிலிருந்து ஒரு பாடம் தெரிகிறது. கம்பெனி என்ன போடுகிறது என்பது ஜனங்களுக்குத் தெரிந்தது. தெரிந்ததால் கேட்டார்கள். கேட்டதால் மாறியது.

நாக்குக்காக மாற்றட்டும். வெயிலுக்காக மாற்றட்டும். சாப்பாட்டு வழக்கத்துக்காக மாற்றட்டும். இதெல்லாம் நியாயமான மாறுதல். பேரனின் கேள்விக்கு இதுவே பதில். எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்பது முரட்டு வாதம்.

ஆனால் இன்னொரு வகை மாறுதல் இருக்கிறது. அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

எது சாக்லெட்?

கொக்கோ விலை அதிகம். 2024ல் உலகச் சந்தையில் ஒரு டன் கொக்கோ 10 ஆயிரம் டாலரையும் தாண்டியது. மற்றத் தாவரக் கொழுப்புகள் அதைவிட மிகவும் மலிவு. ஆகவே, கொக்கோ வெண்ணெயைக் குறைத்து வேறு கொழுப்பைச் சேர்க்கலாமா என்பது பழைய சண்டை.

அமெரிக்கச் சட்டப்படி, வேறு தாவரக் கொழுப்பு சேர்த்தால் அதற்குப் "பால் சாக்லெட்" என்று பெயர் வைக்க முடியாது. இங்கிலாந்தில் வெகுகாலமாகச் சேர்த்து வந்தார்கள். ஐரோப்பாவில் சில நாடுகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அது சாக்லெட்டே அல்ல, சாக்லெட்டுக்கு மாற்று என்று எழுது என்றன இத்தாலியும் ஸ்பெயினும். ஏறக்குறைய 30 ஆண்டுகள் சண்டை நடந்தது! கடைசியில் 5 சதவீதம் வரை சேர்க்கலாம், உறையில் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவாயிற்று. 2003ல் ஐரோப்பிய நீதிமன்றம் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

இந்தியாவிலும் முன்பு வேறு கொழுப்பு கூடாது என்று இருந்தது. பிறகு இங்கும் 5 சதவீதம் வரை அனுமதி வந்தது.

2025ல் இங்கிலாந்தில் ஒரு செய்தி. "பென்குயின்", "கிளப்" என்ற பிஸ்கோத்துகளில் கொக்கோவைக் குறைத்துவிட்டார்கள். உடனே அவற்றைச் சாக்லெட் பிஸ்கோத்து என்று சொல்ல முடியாமல் போயிற்று. "சாக்லெட் ருசி" என்று மாற்றிக்கொள்ள வேண்டி வந்தது. ஒரு சொல்தான். ஆனால் அந்த ஒரு சொல்லைப் படிக்கத் தெரிந்தவன் ஏமாற மாட்டான்.

இதைவிடக் கவலை தரும் சங்கதி, குழந்தை உணவு. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த "பப்ளிக் ஐ" என்ற அமைப்பு ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. நெஸ்லேயின் செரலாக் குழந்தை உணவில், இந்தியாவில் விற்பதில் சர்க்கரை சேர்க்கப்பட்டிருக்கிறது, ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் விற்பதில் சேர்க்கப்படவில்லை என்று அது சொன்னது. அந்தந்த நாட்டுச் சட்டப்படியே செய்கிறோம், சர்க்கரையைக் குறைத்தும் வருகிறோம் என்று கம்பெனி பதில் சொன்னது.

சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரு தாய் என்ன கேட்பாள்? "அந்த நாட்டுப் பிள்ளைக்கு வேண்டாத சர்க்கரை என் பிள்ளைக்கு மட்டும் எதற்கு?" என்று கேட்பாளா, மாட்டாளா?

கேட்க வேண்டுமானால் முதலில் அவளுக்குத் தெரிய வேண்டும். தெரிய வேண்டுமானால் உறையைப் படிக்க வேண்டும். படிக்க வேண்டுமானால் அது அவள் மொழியில் இருக்க வேண்டும்.

துபாய் உறையில் அரபி

இனி ஆயாவின் கேள்விக்கு வருவோம்.

அந்தத் துபாய் உறையை நான் திருப்பிப் பார்த்தேன். ஆங்கிலத்துக்குப் பக்கத்திலேயே அரபி இருந்தது. பெயர், சேர்மானம், எல்லாமே! அந்த நாட்டில் அரபி இல்லாமல் உணவுப் பண்டத்தை விற்க முடியாது. கனடாவில் ஆங்கிலமும் பிரெஞ்சும் கட்டாயம். ஐரோப்பாவில், விற்கும் நாட்டு ஜனங்களுக்குப் புரியும் மொழியில் இருந்தாக வேண்டும். ஒரே உறையில் நாலைந்து மொழிகளைப் பொடி எழுத்தில் அச்சிடுவது அங்கே சாதாரணம்.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்து இலங்கையில் பிஸ்கோத்து, மிட்டாய் உறைகளைப் பாருங்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். யாழ்ப்பாணத்துப் பாட்டி தன் மொழியில் படிக்கிறாள். தோணிரேவு ஆயா படிக்க முடியவில்லை. இது என்ன நியாயம்?

நம் நாட்டுச் சட்டம் சொல்வது இதுதான்: விவரங்கள் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் இருக்க வேண்டும். வேறு மொழியிலும் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம், தடையில்லை. அதாவது, கம்பெனி விரும்பினால் தமிழ். விரும்பாவிட்டால் இல்லை.

அதே கம்பெனி விளம்பரம் செய்யும்போது எந்த மொழியில் பேசுகிறது? தமிழில் பேசுகிறது! டெலிவிஷனில் தமிழ்ப் பாட்டு. சுவரில் தமிழ் எழுத்து. "வாங்கு" என்று சொல்லத் தமிழ் தெரிகிறது. "உள்ளே என்ன" என்று சொல்ல மட்டும் தமிழ் தெரியவில்லையா?

"இந்தியாவில் எத்தனை மொழி! எல்லாவற்றையும் உறையில் போட இடம் ஏது?" என்று சிலர் கேட்பார்கள். எல்லா மொழியும் வேண்டாம். எந்த மாநிலத்துக்குச் சரக்கு போகிறதோ, அந்த மாநிலத்தின் மொழி போதும். துபாய்க்குப் போகும் சரக்குக்குத் தனி உறை அச்சடிக்க முடிகிறது. தமிழ்நாட்டுக்கு முடியாதா? தமிழ்நாடு என்ன, துபாயைவிடச் சிறிய சந்தையா?

ஒரு ரூபாய் மிட்டாய்க்கு விவரமே இல்லை

இன்னொரு விஷயம் கேளுங்கள். இது பலருக்குத் தெரியாது.

உறையின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேல் போகாவிட்டால், அதில் சேர்மானப் பட்டியலும் சத்து விவரமும் போடத் தேவையில்லை என்று சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அந்த விவரம் மொத்தமாக வரும் பெரிய பெட்டியில் இருந்தால் போதும்.

சின்ன உறையில் இடம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சின்ன உறை மிட்டாயை வாங்குவது யார்? ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் கொண்டுவரும் ஏழைப் பிள்ளை. விவரம் எழுதிய பெரிய பெட்டியைக் கடைக்காரர் கிழித்துப் போட்டுவிட்டு, மிட்டாயைப் பாட்டிலில் கொட்டிவிடுகிறார். நூறு ரூபாய்ச் சாக்லெட் தின்னும் பிள்ளைக்கு விவரம் உண்டு. ஒரு ரூபாய் மிட்டாய் தின்னும் பிள்ளைக்கு இல்லை!

இதற்கும் வழி இல்லாமல் இல்லை. அந்தப் பெட்டியின் விவரப் பக்கத்தைக் கடையில் பாட்டிலுக்குப் பக்கத்திலே ஒட்டிவைக்கச் சொல்லலாம். செலவு ஒன்றும் இல்லை. பசைதான் வேண்டும்.

பழவேற்காடு அறிந்த நியாயம்

பழவேற்காட்டுக்கும் சாக்லெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறீர்களா? சம்பந்தம் உண்டு.

1613ல் டச்சுக்காரர் இங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1825ல் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1828ல், ஆம்ஸ்டர்டாமில் வான் ஹூட்டன் என்ற டச்சுக்காரர் கொக்கோவைப் பிழிந்து கொழுப்பைத் தனியே எடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். அந்தப் பிழிவு பிறந்த பிறகுதான் கடித்துத் தின்னும் சாக்லெட்டுக்கு வழி பிறந்தது.

இன்று சாக்லெட்டே ஏரிக்கரைக்கு வந்துவிட்டது! ஏரியின் மேற்கே, ஆந்திர எல்லையில், தடாவுக்குப் பக்கத்தில் ஸ்ரீசிட்டி. அங்கே 2016ல் காட்பரி சாக்லெட்டைச் செய்யும் மாண்டலீஸ் கம்பெனி 134 ஏக்கரில் பெரிய தொழிற்சாலையைத் திறந்தது. ஏரி ஒன்று, மாநிலம் இரண்டு. இக்கரையில் தமிழ், அக்கரையில் தெலுங்கு. ஏரியைச் சுற்றி வாழும் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்த இரண்டு மொழிகளைத் தவிர வேறு தெரியாது. சாக்லெட் உறையிலோ இரண்டுமே கட்டாயம் இல்லை.

இங்குள்ள மீனவர்களுக்கு நியாயம் தெரியும். ஏரியில் எந்த இடத்தில், யார், எந்த நாளில் வலை போடுவது என்பதற்குப் "பாடு" என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பரம்பரையாக வந்தது. முறை வைத்து, சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். எல்லாரும் பார்க்கும்படி நடக்கும். மறைவு கிடையாது.

அவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். நம் கடற்கரையிலிருந்து இறால் ஐரோப்பாவுக்குப் போகிறது. அங்கே சும்மா வாங்கிக்கொள்வதில்லை. மருந்துச் சத்து இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். இருந்தால் சரக்கைத் திருப்பி அனுப்புவார்கள். தங்கள் ஜனங்கள் எதைத் தின்கிறார்கள் என்பதில் அவர்களுக்கு அவ்வளவு அக்கறை! அதைத் தவறு என்று சொல்ல முடியாது. அந்த அக்கறை நமக்கும் வேண்டும் என்றுதான் சொல்கிறோம்.

எழுத்தில்லாமலும் சொல்லலாம்

தமிழில் அச்சிட்டால் மட்டும் போதுமா? போதாது. எழுத்தே தெரியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன வழி?

பச்சைப் புள்ளி இருக்கிறதே! எழுத்துத் தெரியாத பாட்டியும் பச்சைப் புள்ளியைப் பார்த்து, "இது சைவம்" என்று சொல்லிவிடுகிறாள். ஒரு புள்ளியால் இவ்வளவு பெரிய விஷயத்தை நாடு முழுவதும் புரியவைக்க முடிந்தது. சர்க்கரைக்கும் அப்படி ஓர் அடையாளம் வைத்தால் என்ன?

தென் அமெரிக்காவில் சிலி என்ற நாடு 2016ல் இதைச் செய்தது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு ஆகியவை அளவுக்கு மேல் இருந்தால் உறையின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோணக் கட்டம் போட வேண்டும். எத்தனை கட்டமோ அத்தனை எச்சரிக்கை. 2020ல் மெக்சிகோவும் இதைப் பின்பற்றியது. எழுத்துக் கூட்டத் தெரியாத சிறுவனும் கட்டத்தை எண்ணிவிடுவான்.

வீட்டில் செய்யக்கூடியது

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டாம். வீட்டில் படித்த பிள்ளை ஒன்று இருந்தால் போதும். சாமான் வாங்கும்போது உறையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நான்கு விஷயம் பாருங்கள்.

ஒன்று: சேர்மானப் பட்டியல். எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. முதலில் சர்க்கரை என்று இருந்தால், நீங்கள் வாங்குவது பெரும்பாலும் சர்க்கரைதான்!

இரண்டு: எடை. விலையை ஏற்றினால் ஜனங்கள் கவனிப்பார்கள் என்று, விலையை அப்படியே வைத்து எடையைக் குறைப்பது வியாபாரத் தந்திரம். 20 ரூபாய்க்குப் போன வருஷம் 25 கிராம், இந்த வருஷம் 20 கிராம் என்றால், ஒரு கிராம் 80 காசிலிருந்து ஒரு ரூபாய்க்கு ஏறிவிட்டது என்று பொருள்.

மூன்று: சர்க்கரை அளவு. 100 கிராமுக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும். பால் சாக்லெட்டில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. 40 கிராம் சாக்லெட் தின்றால் 20 கிராம் சர்க்கரை. அதாவது ஐந்து தேக்கரண்டி! பெரியவர்களே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலைக் காப்பியில் போட்டதும் அதில் சேர்த்திதான்.

நான்கு: தேதி. காலாவதி ஆகிவிட்டதா என்று பாருங்கள்.

பிள்ளைகளுக்கு மிட்டாயே கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை. மிட்டாய் தின்னாத பிள்ளைப் பருவம் ஒரு பருவமா? என்ன தின்கிறோம் என்று தெரிந்து தின்ன வேண்டும். அவ்வளவுதான்.

ஆயாவுக்குச் சொன்ன பதில்

தோணிரேவுத் திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு உறைகளையும் ஆயாவுக்கு வரி வரியாகத் தமிழில் படித்துச் சொன்னேன். சர்க்கரை, பால் பொடி, கொக்கோ, கொழுப்பு என்று ஒவ்வொன்றாக. பேரன்கள் இருவரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். முடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று.

ஆயா ஓலையைக் கீழே வைத்தார்.

"இத்த அவனே தமிழ்ல போட்டிருந்தா, நான் உங்கள கேட்டிருக்க மாட்டேனே தம்பி. நாப்பது வயசுக்கு மேல எழுத்துக் கத்துக்கினேன். எதுக்கு? பஸ் நம்பரு பாக்க மட்டுமா?"

எனக்குப் பதில் வரவில்லை.

பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் விற்கும் எந்த உணவுப் பண்டமானாலும், அதன் உள்ளே இருப்பது என்ன என்று தமிழில் எழுதியிருக்க வேண்டும். சர்க்கரை மிகுந்தால் கண்ணில் படும்படி ஓர் அடையாளம் வேண்டும். ஒரு ரூபாய் மிட்டாயானாலும், அதன் விவரம் கடையில் தெரியும்படி ஒட்டியிருக்க வேண்டும். டில்லியில் உள்ளவர்கள் சட்டம் செய்ய வேண்டும். சென்னையில் உள்ளவர்கள் அதை வற்புறுத்த வேண்டும். கம்பெனிகள் சட்டத்துக்குக் காத்திராமல் தாங்களே செய்தால் அவர்களுக்குத்தான் நல்ல பெயர்.

ருசி நாட்டுக்கு நாடு மாறட்டும். உண்மையைச் சொல்வது மட்டும் எல்லா நாட்டிலும் ஒன்றுபோல் இருக்கட்டும்.